காய்ச்சல் வராத மலேரியா: ஆன்டிபாடிகள் என்ன செய்கின்றன?

மேற்கு ஆப்பிரிக்காவின் மாலி நாட்டில் ஆண்டில் பாதி நாள் மழை கிடையாது. ஜனவரியிலிருந்து மே வரை குட்டை, குழி எல்லாம் வற்றிக் கிடக்கும். கொசுவைக் கண்ணால் பார்ப்பதே அரிது. மலேரியாக் காய்ச்சலும் ஏறக்குறைய நின்றுவிடும். ஜூன், ஜூலையில் மழை இறங்கும். சில வாரங்களில் கொசு வரும், அதன் பின்னாலேயே குழந்தைகளுக்குக் காய்ச்சல் வரும். வருஷா வருஷம் இதே கதை.

இதில் ஒரு புதிர் இருக்கிறது. மலேரியாக் கிருமி காற்றில் மிதக்காது, மண்ணில் தங்காது, தண்ணீரில் வாழாது. மனித உடம்பையும் கொசுவின் உடம்பையும் விட்டால் அதற்குப் போக்கிடம் இல்லை. கொசுவின் ஆயுளோ சில வாரங்கள்தான். அப்படியானால் அந்த வறண்ட மாதங்களில் கிருமி எங்கே இருந்தது?

மனிதர்களின் ரத்தத்தில். படுத்த படுக்கையாகக் கிடக்கும் நோயாளிகளின் ரத்தத்தில் அல்ல. வயலுக்குப் போய்க்கொண்டு, பள்ளிக்குப் போய்க்கொண்டு, தெருவில் பந்து விளையாடிக்கொண்டு இருந்தவர்களின் ரத்தத்தில். அவர்களிடம் கேட்டால், “எனக்கென்ன, நன்றாகத்தானே இருக்கிறேன்” என்பார்கள். அது பொய்யும் இல்லை.

உடம்பில் மலேரியா ஒட்டுண்ணி இருந்தும் குளிர், காய்ச்சல், தலைவலி எதுவும் இல்லாத இந்த நிலையை அறிகுறியற்ற தொற்று என்கிறார்கள். பெயரைக் கேட்டால் அபூர்வமான ஒன்று போலத் தோன்றும். மலேரியா வலுவாக இருக்கும் ஆப்பிரிக்கக் கிராமங்களில் அதுதான் சாதாரணம். ஏதோ ஒரு நாள் ஊரையே வரிசையில் நிறுத்தி ரத்தம் எடுத்துப் பார்த்தால், கிருமி இருப்பவர்களில் பெரும்பாலோர் காய்ச்சல் இல்லாதவர்களாகத்தான் இருப்பார்கள்.

நமக்கு இது விசித்திரமாகப் படுவதற்குக் காரணம் உண்டு. சென்னையில் மொட்டைமாடித் தொட்டியிலும் கிணற்றிலும் வளரும் கொசு பரப்புகிற மலேரியா, எப்போதாவது ஒருமுறை ஒருவரைப் பிடிப்பது. பிடித்தால் போர்வைக்குள் பல் கிட்டிக்க வைக்கும். முறைக்காய்ச்சல் என்று பழைய ஆட்கள் சொன்னது அதைத்தான். மாலியிலோ காம்பியாவிலோ ஒரு குழந்தை பத்து வயதுக்குள் பலமுறை இதைப் பார்த்துவிடுகிறது. பலமுறை பார்த்த உடம்பு வேறு மாதிரி நடந்துகொள்கிறது. அதில் பெரும்பங்கு ஆன்டிபாடிகளுக்கு. எதிர்ப்பொருள், பிறபொருளெதிரி என்றெல்லாம் பாடநூல்களில் வருவது இதுவேதான். கொரோனா காலத்துக்குப் பிறகு ‘ஆன்டிபாடி’ என்றாலே எல்லாருக்கும் புரிகிறது என்பதால் இங்கே அந்தச் சொல்லையே வைத்துக்கொள்கிறேன்.

எத்தனை கிருமி இருந்தால் காய்ச்சல்?

கொசு கடிக்கும்போது சில பத்துக் கிருமிகள் தோலுக்குள் இறங்குகின்றன. அவை ரத்தத்தில் ஏறிக் கல்லீரலுக்குப் போய், ஃபால்சிபாரம் என்ற கொடிய வகையானால் ஒரு வாரம் போல அங்கேயே சத்தமில்லாமல் பெருகுகின்றன. அதுவரை உடம்புக்கு ஒன்றும் தெரியாது. பிறகு ஆயிரக்கணக்கில் ரத்தத்தில் இறங்கிச் சிவப்பணுக்களுக்குள் புகுகின்றன. 48 மணி நேரத்துக்கு ஒருமுறை அந்தச் சிவப்பணு வெடிக்கும். ஒன்று போனதிலிருந்து பதினாறோ இருபதோ வெளியே வந்து, அடுத்த சிவப்பணுக்களைத் தேடும். வெடிக்கும்போது சிதறும் குப்பைக்கு உடம்பு காட்டும் எதிர்வினைதான் காய்ச்சல்.

ஆகவே காய்ச்சல் என்பது எண்ணிக்கை சம்பந்தப்பட்ட விஷயம். கிருமி இருந்தால் மட்டும் போதாது, ஒரு வரம்பைத் தாண்ட வேண்டும். அந்த வரம்பு எல்லாருக்கும் ஒன்றல்ல. முதல் தடவை தொற்றும் கைக்குழந்தைக்குக் கொஞ்சம் கிருமியே போதும், உடம்பு கொதிக்கும். அதே ஊரில் எட்டு வயதுப் பையன் ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் ஆயிரக்கணக்கான கிருமிகளோடு மரம் ஏறிக்கொண்டிருப்பான். பெரியவர்களின் ரத்தத்தில் கிருமியைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும்.

மைக்ரோலிட்டர் என்பது ஒரு சொட்டில் சுமார் ஐம்பதில் ஒரு பங்கு. அந்தத் துளிக்குள் 50 லட்சம் சிவப்பணுக்கள் இருக்கின்றன. கிராமத்து மைக்ரோஸ்கோப்பில் கிருமி தெரிய வேண்டுமானால் மைக்ரோலிட்டருக்கு ஐம்பது, நூறாவது இருக்க வேண்டும். விரல் நுனியில் குத்திப் பார்க்கும் அட்டைச் சோதனைக்கும் நூறு, இருநூறு தேவை. பிசிஆர் என்ற மரபணுச் சோதனை, ஒன்றே ஒன்று இருந்தாலும் பிடித்துவிடும். ஒன்றுதானே என்று நினைத்துவிடக் கூடாது. பெரியவர் ஒருவர் உடம்பில் ஐந்து லிட்டர் ரத்தம், அதாவது 50 லட்சம் மைக்ரோலிட்டர். மைக்ரோலிட்டருக்கு ஒன்று என்றாலே அவர் 50 லட்சம் ஒட்டுண்ணிகளைச் சுமந்துகொண்டு நடமாடுகிறார்.

காம்பியாவில் 1961

பெரியவர்களுக்குக் கிருமி குறைவு என்பதை முதலில் ஒழுங்காக எண்ணிப் பார்த்தவர்களில் ஒருவர் ராபர்ட் கோக். காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்த அதே ஜெர்மானியர். 1899, 1900 ஆண்டுகளில் ஜாவாவிலும் நியூகினியிலும் கிராமம் கிராமமாக ரத்தம் எடுத்தார். மலேரியா எப்போதும் இருக்கும் ஊர்களில் சின்னக் குழந்தைகளின் ரத்தத்தில் கிருமி நிறைய. வயது ஏற ஏறக் குறைவு. மலேரியா அதிகம் இல்லாத இடத்தில் இந்த வித்தியாசம் இல்லை. வயதானதால் வந்த பலம் அல்ல இது, தொற்றிய அனுபவத்தால் வந்தது என்று புரிந்தது. உடம்பில் எது அந்த அனுபவத்தைச் சேமித்து வைத்திருக்கிறது என்பது மட்டும் அறுபது ஆண்டுகள் தெரியாமலே இருந்தது.

பதில் காம்பியாவிலிருந்து வந்தது. இயன் மெக்ரிகர், சிட்னி கோஹன், காரிங்டன் ஆகியோர் சேர்ந்து செய்த சோதனை, கேட்பதற்கு எளிமையானது. மலேரியாவில் பழகிப்போன காம்பியப் பெரியவர்களின் ரத்தத்திலிருந்து ஐஜிஜி என்ற ஆன்டிபாடி வகையை மட்டும் பிரித்தெடுத்தார்கள். கடும் மலேரியாவோடு வந்த 12 குழந்தைகளுக்கு அதை ஊசியாகப் போட்டார்கள். நாலைந்து நாளில் ரத்தத்தில் கிருமி சரசரவென்று இறங்கியது, காய்ச்சலும் விட்டது. மலேரியாவையே பார்க்காத பிரிட்டிஷ்காரர்களின் ஆன்டிபாடியைக் கொடுத்தபோது ஒன்றும் நடக்கவில்லை. பாதுகாப்பு ஆன்டிபாடியில் இருக்கிறது என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி இன்றுவரை இல்லை என்பேன். இன்றைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் இந்தச் சோதனையை அப்படியே அனுமதிக்காது என்பது வேறு விஷயம்.

அந்த 1961 கட்டுரையில் இன்னொரு குறிப்பும் இருந்தது. ரத்தத்தில் பெருகும் கிருமிகள்தான் குறைந்தன. கொசுவுக்குத் தாவுவதற்காக முதிர்ந்து நிற்கும் பாலின வடிவங்கள் அப்படியே இருந்தன. பின்னால் இதற்குத் திரும்பி வருவோம்.

முப்பது ஆண்டு கழித்து, 1991இல் வெளியான ஆய்வில், மேற்கு ஆப்பிரிக்கப் பெரியவர்களின் ஆன்டிபாடியைத் தாய்லாந்து நோயாளிகள் 8 பேருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். கண்டம் விட்டுக் கண்டம் போயும் அது வேலை செய்தது. அதையொட்டி நடந்த ஆய்வகச் சோதனை ஒரு வியப்பைத் தந்தது. கண்ணாடிக் குடுவையில் கிருமியோடு அந்த ஆன்டிபாடியை மட்டும் சேர்த்தால் கிருமி பாட்டுக்கு வளர்ந்தது. கூடவே மோனோசைட் என்ற வெள்ளையணுக்களைப் போட்டதும் வளர்ச்சி மட்டுப்பட்டது. ஆன்டிபாடி தானே கொல்வதில்லை, கொல்லக்கூடியவனுக்கு ஆளைக் காட்டிக் கொடுக்கிறது. இந்த வேலையில் ஐஜிஜி1, ஐஜிஜி3 என்ற இரண்டு துணை வகைகள் கெட்டி. அவற்றின் வால்பகுதியை வெள்ளையணுக்கள் நன்றாகப் பற்றிக்கொள்ளும்.

வேறு வழிகளிலும் அவை வேலை செய்கின்றன. ஒரு சிவப்பணுவிலிருந்து வெளிவந்த கிருமி அடுத்ததற்குள் நுழைய எடுத்துக்கொள்வது ஒரு நிமிடம்கூட இருக்காது. அந்த நேரத்துக்குள் அதன் மேற்பரப்பில் ஆன்டிபாடி ஒட்டினால் கதவு அடைபட்டுவிடும். இன்னொரு இடம், கிருமி குடியேறிய சிவப்பணுவின் வெளிப்பக்கம். ஃபால்சிபாரம் அங்கே ஒரு பசைப் புரதத்தை நீட்டி வைக்கும். அதைக்கொண்டு ரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டு மண்ணீரலுக்குப் போகாமல் தப்பிக்கும். ரத்தத்தில் பழுதான அணுக்களைச் சலித்தெடுக்கும் சல்லடை மண்ணீரல். மூளையின் நுண்குழாய்களில் இப்படி ஒட்டிக்கொள்ளும்போதுதான் குழந்தைகள் நினைவிழந்து போகிறார்கள். பசையில் ஆன்டிபாடி ஏறிவிட்டால் பிடி நழுவும், சிவப்பணு மண்ணீரலில் போய் மாட்டும்.

அறுபது சட்டை

இவ்வளவு ஆயுதம் இருந்தும் ஏன் ஒரு தடவை வந்தால் போதாது? அம்மை ஒருமுறை போட்டால் ஆயுசுக்கும் விடுதலை. மலேரியாவில் ஏன் பத்துப் பதினைந்து வருஷம் ஆகிறது?

அந்தப் பசைப் புரதத்துக்கு ஃபால்சிபாரத்திடம் சுமார் 60 மரபணுக்கள் இருக்கின்றன. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் உடுத்தும். உடம்பு அந்தச் சட்டையை அடையாளம் கண்டு ஆன்டிபாடி செய்து முடிப்பதற்குள், கூட்டத்தில் சில வேறு சட்டைக்கு மாறியிருக்கும். பக்கத்து வீட்டுக் குழந்தையின் உடம்பிலிருக்கும் கிருமிக்கு இன்னொரு அறுபது சட்டை. குழந்தை வளர்வதென்பது ஒவ்வொரு காய்ச்சலிலும் சில சட்டைகளைப் பார்த்து வைத்துக்கொள்வதுதான். உயிருக்கு ஆபத்தான வடிவங்கள் எண்ணிக்கையில் குறைவு போலிருக்கிறது. முதல் சில தொற்றுகளிலேயே சாவிலிருந்து காப்பு வந்துவிடுகிறது. காய்ச்சலிலிருந்து காப்பு வர இன்னும் ஆண்டுகள் ஆகும். கிருமி உள்ளே வரவே விடாத காப்பு ஏறக்குறைய யாருக்குமே வருவதில்லை. அறிகுறியற்ற தொற்று இந்த மூன்று படிகளில் இரண்டாவதில் நிற்கிறது.

சட்டைக் கணக்கை மிக அழகாகக் காட்டுவது கர்ப்பிணிகளின் கதை. சின்ன வயதிலிருந்து மலேரியாவோடு வாழ்ந்து, காய்ச்சலே வராத அளவுக்குத் தேறிய பெண்களும் தலைப்பிரசவத்தில் மறுபடி மலேரியாவுக்கு ஆளாவார்கள். குழந்தை எடை குறைந்து பிறக்கும், தாய்க்கு ரத்தசோகை. இரண்டாவது, மூன்றாவது பிரசவங்களில் ஆபத்து குறைந்துகொண்டே போகும். கர்ப்பத்தில் எதிர்ப்பு சக்தி தளர்ந்துவிடுகிறது என்று மட்டுமே காரணம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அப்படித் தளர்வதானால் மூன்றாவது பிரசவத்தில் மட்டும் ஏன் தளரவில்லை? 1996இல் மிக்கல் ஃப்ரீடும் பேட்ரிக் டஃபியும் விடையைக் கண்டார்கள். நஞ்சுக்கொடியில் இருக்கும் ஒரு தனி வகைச் சர்க்கரைச் சங்கிலியில் ஒட்டுவதற்கென்று கிருமியிடம் தனிச் சட்டை ஒன்று இருக்கிறது. நஞ்சுக்கொடி இல்லாத உடம்பில் அந்தச் சட்டைக்கு வேலையில்லை. அதனால் ஆண்களுக்கும் கர்ப்பமே தரிக்காத பெண்களுக்கும் அதற்கு ஆன்டிபாடி பெரும்பாலும் இருப்பதில்லை. முதல் கர்ப்பத்தில்தான் பெண்ணுடல் அதை முதன்முதலாகப் பார்க்கிறது.

எல்லாமே ஆன்டிபாடி வேலை என்று சொல்லிவிடவும் முடியாது. அரிவாள் அணு மரபணுவைப் பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவர்களுக்கு மலேரியா பாதிப்பு குறைவு என்று அந்தோனி அல்லிசன் 1954இலேயே காட்டினார். வேறு பல மரபுக் காரணங்களும், டி அணுக்கள் என்ற வெள்ளையணுக்களின் பங்கும் உண்டு. அதெல்லாம் தனிக் கட்டுரைக்கு.

வறட்சியில் கரையும் ஆன்டிபாடி

ரத்தத்திலுள்ள ஐஜிஜியில் பாதி கரைந்துபோக மூன்று வாரம் ஆகும். ஐஜிஜி3க்கு ஒரு வாரம்தான். அதாவது உடம்பு புதிதாகச் செய்துகொண்டே இருந்தால்தான் அளவு நிற்கும். செய்யும் பிளாஸ்மா செல்களில் சில, எலும்பு மஜ்ஜையில் ஆண்டுக்கணக்கில் தங்கும். பல, சில நாட்களில் செத்துப்போகும். மலேரியாவில் குழந்தைகளின் உடம்பு இந்த இரண்டாம் வகையைத்தான் அதிகம் செய்கிறது.

மாலியில் கம்பிலா என்ற ஊரில் நடந்த ஆய்வு ஒன்று 2010இல் வெளியானது. கிருமியின் 1,200 சொச்சம் புரதங்களைக் கண்ணாடித் தகட்டில் பதித்து, மழைக்கு முன்னும் பின்னும் எடுத்த ரத்தத்தில் எதற்கெதற்கு ஆன்டிபாடி இருக்கிறது என்று பார்த்தார்கள். மழைக்காலம் முடிந்ததும் குழந்தைகளின் ஆன்டிபாடி ஏறியிருந்தது. அடுத்த மழைக்குள் அதில் பெரும்பகுதி இறங்கிவிடுகிறது என்று கணித்தார்கள். ஆனால் வயது ஏற ஏற அடிமட்டம் கொஞ்சம் உயர்ந்திருந்தது. தீபாவளிக்குத் தீபாவளி கைக்கு வரும் போனஸில் முக்கால்வாசி செலவாகிப் போனாலும் மிச்சம் கொஞ்சம் சேர்வது போல.

இங்கேதான் வறட்சியில் ஒளிந்திருக்கும் தொற்று கதைக்குள் வருகிறது. அந்த மாதங்களில் கிருமியைச் சுமக்கும் குழந்தைகளின் ரத்தத்தில், சுமக்காதவர்களைவிட ஆன்டிபாடி அதிகம். அடுத்த மழையில் அவர்களுக்குக் காய்ச்சல் வருவதும் குறைவு. இதைப் பார்த்தால் உடனே தோன்றுவது என்ன? உள்ளே இருக்கும் கிருமிதான் ஆன்டிபாடியைக் கிளறிக்கொண்டே இருந்து பாதுகாக்கிறது என்பது. அல்ஜீரியாவில் வேலை பார்த்த எட்மோன் செர்ஜான், 1920களிலேயே இதற்கு ஒரு பெயரும் வைத்தார்: ப்ரீம்யூனிஷன். கிருமி உள்ளே இருக்கும் வரைதான் காப்பு, போனால் காப்பும் போய்விடும் என்பது அந்தக் கருத்து. அதிலிருந்து ஒரு பயமும் வந்தது: நலமாக இருப்பவருக்கு மருந்து கொடுத்துக் கிருமியைத் துடைத்துவிட்டால், அடுத்த முறை அவர் படுத்துவிட மாட்டாரா?

மாலியில் கலிஃபாபூகூ என்ற ஊரில் இதைச் சோதித்தார்கள், முடிவு 2017இல் வந்தது. வறட்சியின் கடைசியில் கிருமியோடு இருந்த குழந்தைகளில் சிலருக்கு மருந்து கொடுத்துத் துடைத்தார்கள், மற்றவர்களை அப்படியே விட்டார்கள். அடுத்த மழையில் இரு சாராருக்கும் காய்ச்சல் வரும் வாய்ப்பில் வித்தியாசம் இல்லை. இருவருமே, வறட்சியில் கிருமியில்லாமல் இருந்த குழந்தைகளைவிடத் தேவலை. அப்படியானால் ஒளிந்திருந்த கிருமி பாதுகாப்பைத் தரவில்லை. ஏற்கெனவே பாதுகாப்பு பெற்றிருந்த உடம்பில்தான் கிருமியால் காய்ச்சல் கிளப்பாமல் ஒளிந்திருக்க முடிந்தது. ஒரு பருவத்து ஆய்வு செர்ஜானின் கருத்தை முழுசாகத் தள்ளிவிடாது. பல ஆண்டுகள் மலேரியாவே இல்லாத நாட்டுக்குப் போய்த் திரும்பும் ஆப்பிரிக்கர்கள் மறுபடி காய்ச்சலில் விழுவது தெரிந்ததே. ஆனால் எல்லாமே மறந்துபோவதும் இல்லை. மடகாஸ்கரின் மேட்டுநிலத்தில் டிடிடி தெளித்து மலேரியாவை ஏறக்குறைய ஒழித்திருந்தார்கள். 1980களின் பிற்பகுதியில் அது கொள்ளைநோயாகத் திரும்பியபோது, சிறுவயதில் பழைய மலேரியாவைப் பார்த்திருந்த நாற்பது வயதுக்காரர்கள் இளைஞர்களைவிடத் தாக்குப்பிடித்தார்கள். இடையில் முப்பது ஆண்டு கடந்திருந்தது. ஆன்டிபாடி கரைந்தாலும் அதைச் செய்யத் தெரிந்த நினைவுச் செல்கள் எங்கோ காத்திருந்திருக்கின்றன.

சரி, கிருமி எப்படித்தான் ஆறு மாதம் தாக்குப்பிடிக்கிறது? 2020இல் அதே மாலி ஆய்வாளர்கள் காட்டியது இது: வறட்சியில் கிருமி குடியேறிய சிவப்பணுக்களின் பசை குறைவாக இருக்கிறது. சுவரில் ஒட்டாமல் நெடுநேரம் ரத்தத்தில் சுற்றுகின்றன, நிறைய மண்ணீரலில் மாட்டிச் சாகின்றன. எண்ணிக்கை குறைவாகவே இருப்பதால் காய்ச்சலும் இல்லை, உடம்பு கிருமியை முழுசாக ஒழிப்பதும் இல்லை.

குடைக்காரர்கள் கணக்கு

ஒரு ஊரில் குழந்தைகளின் ஆன்டிபாடியை அளந்துவிட்டு, ஆறு மாதம் கழித்து யாருக்குக் காய்ச்சல் வந்தது என்று பார்த்தால் சில சமயம் தலைகீழான விடை வரும். ஆன்டிபாடி அதிகம் உள்ளவர்களுக்கே காய்ச்சலும் அதிகம்! குடை வைத்திருப்பவர்களின் சட்டைதான் அதிகம் ஈரமாக இருக்கிறது என்று கணக்கெடுத்து, குடைதான் நனைக்கிறது என்று முடிவு கட்டுவது போன்றது இது. வாய்க்கால் ஓரத்து வீட்டுக் குழந்தையைக் கொசு அதிகம் கடிக்கிறது. கடி அதிகம் என்பதால் ஆன்டிபாடியும் அதிகம், காய்ச்சலும் அதிகம். மேட்டுத்தெருக் குழந்தைக்கு இரண்டுமே இல்லை. ஆய்வு செய்பவர்கள் கிருமியோடு இருக்கும் குழந்தைகளை மட்டும் தனியே எடுத்து ஒப்பிட்டால், அதாவது எல்லாரும் மழையில் நின்றவர்கள் என்று உறுதி செய்துகொண்டு பார்த்தால், அப்போது ஆன்டிபாடியின் காப்பு வெளியே தெரியும்.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், ஆன்டிபாடி பற்றிய செய்திகளில் நாம் வழுக்குவது பெரும்பாலும் இங்கேதான். மலேரியா ஆன்டிபாடிகளில் பலவும் வெறும் தழும்பு. கிருமி வந்து போனதைச் சொல்லும், அடுத்ததைத் தடுக்காது. ஏஎம்ஏ1, எம்எஸ்பி1 என்ற புரதங்களுக்கு எதிரான ஆன்டிபாடிகள் மலேரியா ஊர்களில் பெரியவர்கள் பெரும்பாலோரிடம் கொட்டிக் கிடக்கின்றன. ஆனால் கிருமி சிவப்பணுவுக்குள் நுழையக் கட்டாயம் தேவைப்படும் ஆர்ஹெச்5 என்ற புரதத்துக்கு எதிராக இயற்கைத் தொற்றில் கொஞ்சம்தான் உருவாகிறது. காவலுக்கு ஆள் தேவைப்படும் வாசலில்தான் ஆள் குறைவு. தடுப்பூசி ஆய்வாளர்கள் ஆர்ஹெச்5ஐத் துரத்துவது அதனால்தான்.

அட்டைச் சோதனையைப் பற்றியும் ஒரு குழப்பம் உண்டு. சுகாதாரப் பணியாளர் விரலில் குத்தி வைக்கும் மலேரியா அட்டை ஆன்டிபாடியைப் பார்ப்பதில்லை, கிருமியின் புரதத்தைத்தான் பார்க்கிறது. கிருமி செத்துச் சில வாரங்கள் வரை அந்தப் புரதம் ரத்தத்தில் தங்கலாம் என்பதால் அதுவும் சில நேரம் ஏமாற்றும். ஆன்டிபாடிச் சோதனை இன்றைய காய்ச்சலுக்குப் பயன்படாது, ஏனென்றால் அது போன வருஷத்துக் காய்ச்சலையும் சொல்லும். அந்தக் குணமே பிரிட்டன் போன்ற நாடுகளின் ரத்த வங்கிகளுக்குக் கைகொடுக்கிறது. மலேரியா நாட்டில் இருந்துவிட்டு வந்தவர் ரத்தம் கொடுக்க வந்தால் அங்கே ஆன்டிபாடி பார்க்கிறார்கள். மைக்ரோஸ்கோப்புக்குத் தப்பும் அளவு கிருமியும் ஒரு பாட்டில் ரத்தத்தோடு நோயாளிக்குள் போய்விடும் அல்லவா?

மண்ணீரலும் தூங்கும் கிருமியும்

இந்தத் தழும்பை வாசிப்பது புதிய யோசனை அல்ல. 1840களில் யமுனைக் கால்வாய்ப் பகுதிகளில் டெம்ப்ஸ்டர் என்ற மருத்துவர் கிராமத்தாரின் இடப்பக்க வயிற்றை அழுத்திப் பார்த்துக்கொண்டு போனார். மண்ணீரல் வீங்கியவர்கள் நூற்றுக்கு எத்தனை பேர் என்பதுதான் அந்த ஊரின் மலேரியா அளவுகோல். கிருமியே கண்டுபிடிக்கப்படாத காலம் அது. லவரான் என்ற பிரெஞ்சு மருத்துவர் அதைப் பார்த்தது 1880இல். இன்று அதே வேலையைச் சொட்டு ரத்தத்தில் ஆன்டிபாடி பார்த்துச் செய்கிறார்கள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் யாருக்கும் ஆன்டிபாடி இல்லை, பெரியவர்களுக்கு மட்டும் இருக்கிறது என்றால், சில ஆண்டுகளுக்கு முன்பே அந்த ஊரில் பரவல் நின்றிருக்கிறது என்று படிக்கலாம்.

மண்ணீரலுக்கு 2021இல் இன்னொரு மரியாதை கிடைத்தது. இந்தோனேசியாவின் பாப்புவாவில், பெரும்பாலும் விபத்துக் காயத்தால் மண்ணீரலை எடுக்க வேண்டிவந்த 22 பேரின் உறுப்பை ஆராய்ந்தார்கள். யாருக்கும் காய்ச்சல் இல்லை. வெட்டிப் பார்த்தால் உயிருள்ள ஒட்டுண்ணிகள் அங்கே கூட்டம் கூட்டமாக இருந்தன. வைவாக்ஸ் என்ற இன்னொரு மலேரியா வகையில் உடம்பிலிருந்த மொத்தக் கிருமியில் நூற்றுக்கு 98 பங்குக்கு மேல் மண்ணீரலில். விரல் நுனி ரத்தத்தில் நாம் பார்த்துக்கொண்டிருந்தது மிச்சம் மீதியைத்தான்.

வைவாக்ஸுக்கு இன்னொரு வித்தையும் தெரியும். கல்லீரலில் சில கிருமிகள் தூங்கிவிடும், மாதக்கணக்கில் கழித்து எழும். தூங்கும்போது ரத்தத்தில் எதுவும் இருக்காது, பிசிஆராலும் பிடிக்க முடியாது. ஆனால் அண்மையில் ரத்தத்தில் தொற்று இருந்ததற்கான ஆன்டிபாடி இருக்கும். தாய்லாந்து, பிரேசில், சாலமன் தீவுகள் ஆகிய இடங்களில் மக்களை ஓராண்டு தொடர்ந்து பார்த்து, 8 ஆன்டிபாடிகள் கொண்ட தொகுப்பு ஒன்றை 2020இல் வெளியிட்டார்கள். கடந்த ஒன்பது மாதத்துக்குள் வைவாக்ஸ் தொற்றியதா என்பதை அது சுமார் 80 சதவீதம் சரியாகச் சொல்கிறது. தொற்றியிருந்தால் கல்லீரலில் தூங்குபவை இருக்க வாய்ப்பு அதிகம், மருந்து கொடுக்கலாம். ஆளையே பார்க்க முடியாதபோது காலடித் தடத்தைப் பார்த்துப் பின்தொடர்கிற வேலை.

கொசுவின் வயிற்றுக்குள்

இப்போது 1961இல் விட்டு வந்த குறிப்பு. காய்ச்சலை இறக்கிய ஆன்டிபாடி, கொசுவுக்குத் தாவக் காத்திருக்கும் பாலின வடிவங்களைத் தொடவில்லை. காய்ச்சலில்லாதவர் மருத்துவமனைக்குப் போவதில்லை, மாத்திரை சாப்பிடுவதில்லை. அந்த வடிவங்கள் அவர் ரத்தத்தில் வாரக்கணக்கில் கிடந்து, கடிக்கும் கொசுவோடு போகும். அவரைப் பொறுத்தவரை ஆன்டிபாடி நல்ல வேலை செய்திருக்கிறது; ஊரைப் பொறுத்தவரை அதுவே பிரச்சினை.

சத்தீஸ்கரின் பஸ்தரில் 2020 ஜனவரியில் வீடு வீடாகப் போய் எல்லாருக்கும் ரத்தப் பரிசோதனை தொடங்கியது இதனால்தான். ஒடிசாவும் எட்டாக்கை மலைக் கிராமங்களில் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே இதைச் செய்யத் தொடங்கியிருந்தது. பஸ்தரில் கிருமி இருந்தவர்களில் பெரும் பங்கினருக்குக் காய்ச்சலே இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லாதவரை மூன்று நாள் மாத்திரை விழுங்க வைப்பது லேசான காரியம் அல்ல. பணியாளர்கள் தங்கள் கண் முன்னாலேயே முதல் மாத்திரையைச் சாப்பிடச் சொல்லிக் கேட்டது காரணமில்லாமல் இல்லை.

எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த ஆன்டிபாடி இங்கே வருகிறது. அறிகுறியில்லாமல் நெடுநாள் கிருமியைச் சுமப்பவர்களில் சிலருக்கு, அந்தப் பாலின வடிவங்களுக்கு எதிராகவே ஆன்டிபாடி உருவாகிறது. மனித ரத்தத்தில் அதற்கு வேலை இல்லை, ஏனென்றால் அவை சிவப்பணுவுக்குள் பத்திரமாக இருக்கின்றன. கொசு கடித்து ரத்தத்தை உறிஞ்சும்போது கிருமியோடு ஆன்டிபாடியும் கொசுவின் வயிற்றுக்குள் போகிறது. அங்கே சிவப்பணுவை விட்டுக் கிருமி வெளியே வந்து இணையப் பார்க்கும் நேரத்தில் ஆன்டிபாடி பிடித்துக்கொள்கிறது. அந்தக் கொசு யாருக்கும் மலேரியாவைக் கொடுக்காது. அந்த ஆன்டிபாடியைச் செய்த மனிதருக்கு இதனால் ஒரு பைசா லாபமில்லை. பக்கத்து வீட்டுக்காரருக்கு லாபம்.

மாலிக்கே திரும்பலாம். 2022இல் வெளியான ஆய்வு ஒன்றில், கலிஃபாபூகூவிலும் டொரோடோவிலும் 1961இன் யோசனையை மறுபடி செய்து பார்த்தார்கள். இந்த முறை பெரியவர்களின் ரத்தத்திலிருந்து பிரித்த கலவை அல்ல. ஆய்வகத்தில் செய்த ஒரே ஒரு ஆன்டிபாடி, அதுவும் ரத்தத்துக்கு வந்த கிருமிக்கு எதிராக அல்ல, கொசு தோலில் இறக்கிய கணத்துக் கிருமிக்கு எதிராக. அந்தச் சில பத்துக் கிருமிகள் கல்லீரலுக்குள் மறைவதற்குள் உடம்பு அவற்றைச் சரியாகப் பார்ப்பதே இல்லை, ஆகவே இயற்கையில் இந்த ஆன்டிபாடி போதுமான அளவு வருவதில்லை. ரத்தக்குழாய் வழியே ஒரே தடவை கொடுத்ததில், அதிக அளவு பெற்றவர்களுக்கு ஆறு மாத மழைக்காலத்தில் தொற்றே 88 சதவீதம் குறைந்தது.

புதிதாகத் தொற்றுகிறதா என்று பார்க்க வேண்டுமானால் முதலில் பழையது எதுவும் உள்ளே இருக்கக் கூடாது. அதனால் ஆன்டிபாடி மருந்தையோ, ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான வெறும் உப்புநீரையோ ஏற்றுவதற்கு முன்னால், சோதனைக்கு வந்திருந்த ஆரோக்கியமான பெரியவர்கள் அத்தனை பேருக்கும் மலேரியா மாத்திரை கொடுத்தார்கள். யாருக்கும் காய்ச்சல் இல்லை.